ஒரு மாலை, ஐந்து படங்கள்: சூ மக்களின் கதையை எதிலிருந்து தொடங்குவது?

பதினோராம் வகுப்பு முடித்த விடுமுறையில் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். "சித்தப்பா, அமெரிக்கப் பூர்வகுடிகளும் வெள்ளைக் குடியேறிகளும் மோதிக்கொண்டதைப் பற்றி ஒரு படம் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. அம்மா ஒரு மாலைதான் டி.வி.யை விட்டுத் தருவாராம்" என்றாள். எந்தப் பூர்வகுடிகள் என்று கேட்டேன். நோட்டில் 'சியோக்ஸ்' என்று எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள்.

ஆங்கில எழுத்தைப் பார்த்து நம்மில் பலரும் அப்படித்தான் வாசிக்கிறோம். உச்சரிப்பு 'சூ'. அதுவும் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் கிடையாது. அண்டை இனமான ஒஜிப்வேக்களின் சொல் ஒன்றைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாவுக்கு ஏற்றபடி வெட்டிச் சுருக்கியதில் வந்தது. அவர்கள் தங்களை லகோட்டா, டகோட்டா, நகோட்டா என்று பேச்சு வழக்குக்குத் தக்கபடி சொல்லிக்கொள்கிறார்கள். பெயரிலேயே பிறர் கை பட்டிருக்கும்போது படத்தில் படாமல் இருக்குமா? அதனால்தான் படத்தின் பெயரை உடனே சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. ஐந்து படங்களை மனத்தில் நிறுத்திப் பார்த்தேன்.

படங்களுக்குள் போகும் முன் நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1862-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. மேற்கே போய் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் சொந்தம். வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் கிளம்பினார்கள். அதே ஆண்டு மினசோட்டாவில், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணம் வராமல் பட்டினி கிடந்த டகோட்டாக்கள் குடியேறிகள் மேல் பாய்ந்தார்கள். இரு பக்கமும் ரத்தம் சிந்திய பிறகு, டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். 1868-இல் லாரமி கோட்டையில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்றைய தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பாதி முழுவதும் சூ மக்களுக்கே உரியது என்றது அது. அவர்கள் புனிதமாகக் கருதும் கருங்குன்றுகளும் அதற்குள் அடக்கம். வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் ஓர் அங்குலமும் கைமாறாது என்றும் எழுதியிருந்தது. ஆறே ஆண்டுகளில், 1874-இல், கஸ்டர் என்ற படைத் தலைவர் கருங்குன்றுகளுக்குள் படையோடு நுழைந்து, அங்கே தங்கம் இருக்கிறது என்று செய்தி அனுப்பினார். பிறகு 1876 ஜூன் 25-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் சூ, செயென் வீரர்களோடு மோதிக் கஸ்டரும் அவருடன் இருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களும் மாண்டார்கள். 1877-இல் குன்றுகளை அரசு எடுத்துக்கொண்டது. நான்கில் மூன்று பங்குக் கையெழுத்து என்ற நிபந்தனைக்கு, பத்தில் ஒரு பங்குதான் கிடைத்திருந்தது. 1890 டிசம்பர் 29-இல் வூண்டட் நீ ஓடைக்கரையில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக 250-க்கும் மேற்பட்ட லகோட்டாக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இத்தனையையும் ஒரு படத்தில் அடைக்க முடியாது. ஆளுக்கொரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டும்போது ஒவ்வொரு படமும் எங்கோ ஓரிடத்தில் பொய் சொல்கிறது. கதைக்குப் பொய் வேண்டும்தான். அந்தப் பொய்யால் யாருக்கு லாபம் என்று பார்ப்பதே நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

இந்த அளவுகோலில் முதலில் அடிபட்டது, நான் சின்ன வயதில் ரசித்துப் பார்த்த படம். 1941-இல் வந்த 'தே டைட் வித் தெயர் பூட்ஸ் ஆன்'. ரவுல் வால்ஷ் இயக்கம், எர்ரால் ஃபிளின் கஸ்டராகவும் ஒலிவியா டி ஹாவிலண்ட் அவர் மனைவியாகவும் நடித்தது. போருக்குக் கிளம்பும் கணவனும், திரும்பி வரமாட்டான் என்று தெரிந்தும் காட்டிக்கொள்ளாத மனைவியும் விடைபெறும் காட்சி இன்றும் தொண்டையை அடைக்கிறது. எட்டுப் படங்களில் சேர்ந்து நடித்த அந்த இருவருக்கும் அதுவே கடைசிப் படம். ஆனால் கதையில் கஸ்டர் என்ன செய்கிறார்? லகோட்டாப் போர்த் தலைவர் கிரேஸி ஹார்ஸுக்கு வாக்குக் கொடுத்துக் கருங்குன்றுகளைக் காக்கிறார். தங்கம் இருப்பதாகக் கிளம்பிய செய்தி ஒரு வியாபாரக் கும்பல் கட்டிய புரளி என்கிறது படம். நடந்ததோ நேர் எதிர். தங்கம் இருப்பதாகச் சொன்னதே கஸ்டரின் படைதான். கதவை உடைத்தவரையே காவலாளி என்று காட்டுகிறது படம். இதைப் பொறுக்க என்னால் முடியவில்லை. சினிமா வரலாறு படிப்பவர்கள் பார்க்கட்டும்; முதல் படமாக ஒரு பெண்ணின் கையில் கொடுக்க மாட்டேன்.

1970-இல் வந்த 'எ மேன் கால்டு ஹார்ஸ்' படத்தையும் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். ஆங்கிலேயப் பிரபு ஒருவர் சூ மக்களிடம் சிறைப்பட்டு, அடிமையாக இருந்து, படிப்படியாக அவர்களில் ஒருவராகும் கதை. ரிச்சர்ட் ஹாரிஸ் மார்புச் சதையில் கோத்த கயிற்றால் உயரே தொங்கவிடப்படும் காட்சிதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சடங்கு மண்டான் என்ற வேறோர் இனத்தின் சடங்குக்கு நெருக்கமானது. ஓர் ஊர்க் கோயில் வழக்கத்தை எடுத்து இன்னோர் ஊர்க்காரர் தலையில் கட்டியதுபோல் இருக்கிறது. சடங்கின் வலியைக் காட்டியவர்களுக்கு அதன் பொருளைக் காட்ட மனமில்லை. முடிவில் அந்த மக்களுக்கே போர்முறை கற்றுத்தரும் ஆளாக வெள்ளைக்காரர் உயர்ந்துவிடுகிறார்.

அதே 1970-இல் ஆர்தர் பென் எடுத்த 'லிட்டில் பிக் மேன்' வேறு தரம். 121 வயதுக் கிழவராக டஸ்டின் ஹாஃப்மன் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். பனி படர்ந்த காலையில் குதிரைப்படையின் இசைக்குழு உற்சாகமான மெட்டை வாசிக்க, உறங்கிக்கொண்டிருந்த கிராமத்துக்குள் படை பாயும் காட்சி ஒன்று உண்டு. 1868 நவம்பர் 27-இல் வாஷிட்டா ஆற்றங்கரையில் நடந்த தாக்குதல் அது. அந்தப் புல்லாங்குழல் ஓசை என் காதை விட்டுப் போக நாளாயிற்று. கிழத் தலைவராக வரும் சீஃப் டான் ஜார்ஜ், சாவதற்கென்று மலையேறிப் படுக்க, சாவு வராமல் முகத்தில் மழைத்துளி விழும் இடம் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும் இடம். ஆஸ்கருக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது வெறும் மரியாதைக்காக அல்ல.

பின் ஏன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை? ஒரு காரணம் எளிது: அது செயென் மக்களின் கதை. சூ மக்கள் ஓரத்தில் வந்து போகிறார்கள். இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். படத்தில் கஸ்டர் போகப் போகப் பித்துப் பிடித்தவராகிறார், கடைசியில் தனக்குத்தானே உளறுகிறார். வியட்நாம் போரின் நடுவே எடுத்த படம் என்பதால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் நிலம் பறிபோனது ஒரு பைத்தியக்காரரால் அல்ல. புத்தி தெளிவான மனிதர்கள், நாற்காலியில் அமர்ந்து, மை தொட்டு எழுதிய சட்டங்களால். பழியைப் பைத்தியத்தின் மேல் போட்டால் அந்த நாற்காலிகள் தப்பித்துவிடுகின்றன. அவள் கல்லூரிக்குப் போன பிறகு பார்க்கட்டும் என்று இதைத் தனியே எடுத்து வைத்தேன்.

மிஞ்சியவை இரண்டு. உண்மையான தடுமாற்றம் இங்கேதான்.

ஒன்று, 1990-இல் கெவின் காஸ்ட்னர் இயக்கி நடித்த 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்'. சிறந்த படம், சிறந்த இயக்கம் உட்பட 7 ஆஸ்கர் வாங்கியது. உள்நாட்டுப் போரில் காயம்பட்ட டன்பார் என்ற அதிகாரி, எல்லை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஆளில்லாத ஒரு காவல் நிலையத்துக்கு வருகிறார். பக்கத்தில் லகோட்டா முகாம். பழக்கம் ஏற்படுகிறது.

எப்படி ஏற்படுகிறது என்பதில்தான் இந்தப் படத்தின் உயிர் இருக்கிறது. முகாமின் ஞானியான கிக்கிங் பேர்டும், 'தலைமுடியில் காற்று' என்று பொருள்படும் பெயர் கொண்ட வீரரும் வந்து அமர்ந்திருக்கிறார்கள். காட்டெருமை வந்துவிட்டதா என்று கேட்க டன்பாருக்கு மொழியில்லை. போர்வையை முதுகில் திணித்துத் திமில் வைத்து, இரு விரல்களைக் கொம்பாகத் தலையில் நீட்டி, நான்கு காலில் தவழ்கிறார். வீரர் அருவருப்போடு, இவனுக்கு மூளை கெட்டுவிட்டது என்கிறார். கிக்கிங் பேர்ட் மட்டும் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்து, சட்டென்று "ததாங்கா" என்கிறார். ஒரு சொல் கைமாறுகிறது. டன்பார் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார். பிறகு காப்பிக்கொட்டை அரைத்துக் காப்பி, அதன் பின் சர்க்கரை. சர்க்கரையை நாவில் வைத்ததும் அந்த முறைப்பான முகம் இளகுவதைப் பாருங்கள். சண்டைப் படங்களில் கூச்சல் போட்டுக்கொண்டு குதிரையிலிருந்து விழுவதற்கென்றே வைத்திருந்த மனிதர்கள் இங்கே உட்கார்ந்து யோசிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்கள், மனைவியின் பேச்சுக்குக் கட்டுப்படுகிறார்கள்.

இதையெல்லாம் தங்கள் மொழியிலேயே செய்கிறார்கள். வசனங்களை லகோட்டாவில் மொழிபெயர்த்து நடிகர்களுக்குக் கற்பித்தவர் டோரிஸ் லீடர் சார்ஜ் என்ற லகோட்டா ஆசிரியை. படத்திலும் ஒரு மூதாட்டியாக வருகிறார். கிக்கிங் பேர்டாக நடித்த கிரகாம் கிரீன் கனடாவைச் சேர்ந்த ஒனைடா இனத்தவர். அவர் உட்பட நடிகர்களில் பலருக்கு லகோட்டா புது மொழி. லகோட்டாவில் ஆண் பேசும்போது வாக்கியத்தை முடிக்கும் ஒட்டுச்சொல் வேறு, பெண் பேசும்போது வேறு. படத்தில் வீரர்கள் பல இடங்களில் பெண்கள் பேசும் விதத்தில் பேசிவிடுகிறார்கள் என்று லகோட்டாக்களின் உரிமைக்குப் போராடிய ரஸ்ஸல் மீன்ஸ் சுட்டிக்காட்டினார். தாய்மொழிக்காரருக்கு இது உறுத்தியிருக்கும். இருந்தும், ஹாலிவுட்டின் ஒரு பெரிய படம் இவ்வளவு நேரம் அந்த மொழியைக் காது கொடுத்துக் கேட்டது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். திக்கித் திக்கிப் பேசினாலும் மொழி மொழிதான்.

வேட்டைக் காட்சிக்குத் தனியார் பண்ணை ஒன்றில் வளர்ந்த சுமார் 3,500 காட்டெருமைகளைத் தெற்கு டகோட்டாவின் புல்வெளியில் ஓடவிட்டுப் படமாக்கினார்கள். அதற்கு முன் ஓரிடம். வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு மேட்டில் ஏறிப் பார்க்கிறார்கள். கீழே தோலுரித்த உடல்கள் புல்வெளியெங்கும் சிவப்பாகக் கிடக்கின்றன. தோலையும் நாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு வெள்ளை வேட்டைக்காரர்கள் போயிருக்கிறார்கள். குடியேறியின் முகத்தைக் காட்டாமலேயே அவன் வருகையைக் காட்டிவிட்ட இடம் அது.

இந்தப் படத்தின் பொய் எது? பானி இனத்தவர். முகத்தில் கொடூரம் எழுதி ஒட்டிய வில்லன்களாக வந்து போகிறார்கள். 1873 ஆகஸ்டில் நெப்ராஸ்காவில் வேட்டைக்கு வந்திருந்த பானிக் கூட்டத்தை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் கொன்றவர்கள் சூ வீரர்கள். அந்தச் சமவெளியில் பானிகளும் அஞ்சி வாழ்ந்தவர்கள். ஒரு மக்களை மனிதர்களாக்க இன்னொரு மக்களை அரக்கர்களாக்கியிருக்கிறது படம். அடுத்தது, டன்பார் மணக்கும் பெண். லகோட்டாக்களிடையே வளர்ந்தாலும் அவரும் வெள்ளைக்காரர்தான். லகோட்டாப் பெண்ணை மணக்க வைக்கக் கதைக்குத் துணிவு வரவில்லை. எல்லாவற்றையும்விட, வெள்ளை நாயகரின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் நாம் அந்த முகாமைப் பார்க்கிறோம்.

இன்னொன்று, எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக 2007-இல் இவ் சிமோனோ இயக்கிய 'பரி மை ஹார்ட் அட் வூண்டட் நீ'. டீ பிரவுனின் புகழ்பெற்ற வரலாற்று நூலின் கடைசி அத்தியாயங்களைத் தழுவியது. அந்த ஆண்டின் சிறந்த தொலைக்காட்சித் திரைப்படத்துக்கான எம்மி விருது பெற்றது. இங்கே தோள் கொடுக்கும் வெள்ளை நாயகர் இல்லை. மூன்று மனிதர்கள். ஆகஸ்ட் ஷெல்லன்பர்க் நடித்த லகோட்டாத் தலைவர் சிட்டிங் புல். ஆடம் பீச் நடித்த ஒஹியேசா, அதாவது சார்லஸ் ஈஸ்ட்மன் என்று பெயர் மாற்றப்பட்டுப் படித்து மருத்துவரான டகோட்டா. எய்டன் குவின் நடித்த செனட்டர் ஹென்றி டாஸ்.

டாஸைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. பூர்வகுடிகளுக்கு நல்லது செய்கிறோம் என்று உளமார நம்புகிறவர். 1887-இல் அவர் பெயரால் வந்த சட்டம், இனத்துக்குப் பொதுவாக இருந்த நிலத்தைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்து, மிச்சத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. 160 ஏக்கர்! 1862-இல் குடியேறிக்கு இனாமாகக் கொடுத்த அதே அளவு. புல்வெளி முழுவதும் தங்களுடையதாக இருந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது, நேற்று வந்தவருக்குக் கிடைத்த அளவு. துப்பாக்கியால் முடியாத வேலையைக் காகிதம் முடித்ததை இந்தப் படம்தான் காட்டுகிறது.

இன்னொரு காட்சிக்காகவும் இதை மதிக்கிறேன். தளபதி மைல்ஸும் சிட்டிங் புல்லும் நேருக்கு நேர் பேசுகிறார்கள். நீங்களும் மற்ற இனங்களை அடித்து விரட்டித்தானே இந்த நிலத்தைப் பிடித்தீர்கள் என்று மைல்ஸ் கேட்கிறார். முந்தைய படம் பானிகளை அரக்கர்களாக்கித் தப்பித்த கேள்வி இங்கே சிட்டிங் புல்லின் முகத்தெதிரே வைக்கப்படுகிறது. கேள்வி நியாயமானது. கேட்பவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டா என்பதைப் பார்ப்பவரிடமே விட்டுவிடுகிறார்கள். அந்தப் படத்தில் பானி வில்லனாக வந்த வெஸ் ஸ்டூடியே இதில், இறந்த முன்னோரும் பழைய வாழ்வும் திரும்பும் என்று நம்பி ஆடிய ஆவி நடனத்தைப் பரப்பிய வோவோகாவாக, ஒரு மக்களின் கடைசி நம்பிக்கையாக வருகிறார். இரண்டையும் பார்ப்பவருக்கு இது ஒரு நிறைவு.

இதன் பொய்: சிறுவன் ஒஹியேசாவை லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். 1858-இல் பிறந்த அவர் 1876-இல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். அந்தப் போரில் அவர் இல்லை. வரலாற்று ஆர்வலர்கள் இதற்காகப் படத்தைக் கடிந்துகொள்கிறார்கள். எனக்கு இது பொறுக்கக்கூடிய பொய். நிலத்தைப் பறித்தது யார், இழந்தது யார் என்பது இதனால் மாறவில்லை. 1890-இன் அந்தக் குளிரில் லகோட்டாக்களுக்கு ஒதுக்கிய பைன் ரிட்ஜில் மருத்துவராக இருந்து, கிறிஸ்துமஸ் தோரணங்கள் இன்னும் இறக்கப்படாத தேவாலயத்தில் குண்டடிபட்ட தன் மக்களுக்குக் கட்டுப் போட்டவர் உண்மையிலேயே அவர்தான்.

அளவுகோலின்படி பார்த்தால் 2007 படமே முன்னால் நிற்கிறது. நீளமும் குறைவு. பெரியவர் யாராவது, நடந்தது என்ன, அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் கேட்டது பதினாறு வயதுப் பெண். அந்தப் படத்தை முதலில் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். முதல் சில நிமிடங்களிலேயே போர் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு இழப்புக்கு மேல் இழப்பு. அவர்கள் எப்படிச் சிரித்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், இரவில் தீயைச் சுற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று எதுவும் தெரியாமல் அவர்கள் அழிவதை மட்டும் பார்க்க வேண்டும். முகம் அறியாதவர் வீட்டு இழவுக்குப் போய் நிற்பதுபோல. துக்கம் நியாயம்தான், ஆனால் கண்ணீர் வராது. தொலைக்காட்சிக்கே உரிய அவசரமும் அதில் இருக்கிறது. ஆண்டுகள் தாவித் தாவி ஓடுகின்றன, வசனத்தில் பெரும்பங்கு ஆங்கிலத்திலேயே போய்விடுகிறது.

அதனால் 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' என்றேன். திரையரங்கில் வந்த 181 நிமிட வடிவத்தையே எடுக்கச் சொன்னேன். நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நீள வடிவமும் இருக்கிறது, முதல் முறைக்கு அது வேண்டாம். லகோட்டா வசனங்களுக்கு மேல் வேறு மொழிக் குரல் ஏற்றிய பதிப்பு என்றால் பார்க்கவே வேண்டாம், அந்தச் "ததாங்கா" போனால் படமே போயிற்று. பானிகளைப் பற்றி நான் மேலே எழுதியதைப் படம் போடும் முன்பே அவளிடம் சொல்லிவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் படத்தை நம்பாதே என்றேன்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். வேட்டைக் காட்சியில் அண்ணியும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். கடைசிப் பகுதியில், வெள்ளைக்காரர்கள் இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்று கிக்கிங் பேர்ட் கேட்கிறார். அதுவரை அந்தக் கேள்வியைத் தட்டிக் கழித்துவந்த டன்பார், நட்சத்திரங்களைப்போல என்கிறார். இவள் ரிமோட்டை எடுத்து அங்கேயே நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மீண்டும் ஓடவிட்டாள். படம் முடிந்து, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு சுதந்திரமாக இருந்த கடைசிச் சூ கூட்டமும் ராபின்சன் கோட்டையில் அடங்கியது என்று திரையில் எழுத்து வந்தது.

"அதற்கப்புறம் இவர்கள் என்ன ஆனார்கள், சித்தப்பா?"

1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருங்குன்றுகளை எடுத்ததற்கு ஈடாக வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கும் மேல் தரவேண்டும் என்று தீர்ப்பளித்ததையும், சூ மக்கள் அந்தப் பணத்தை வாங்க மறுத்து, குன்றுகளைத்தான் கேட்டோம் என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன். நடுவில் இருந்த நூறு ஆண்டுகளின் தொடக்கத்தைச் சொல்ல இன்னொரு படம் இருக்கிறது என்றேன்.

நாளை மாலையும் டி.வி. வேண்டும் என்று அவளே எழுந்து போய் அண்ணியிடம் கேட்டாள்.